ஹடப்சரில் கொடுத்த ரத்தமும் படிவத்தில் எழுதிய போன் நம்பரும்

போன மாதம் என் மனைவி ஜோதிமணி, புனேயில் ஓர் ஆய்வகத்துக்குப் பத்து மில்லி ரத்தம் கொடுத்தாள். ஈரோட்டிலிருந்து ரயிலேறிப் போனது அதற்காகத்தான். அவளுடைய அம்மா, அக்கா இருவருமே சினைப்பைப் புற்றுநோயில் போனவர்கள். முற்றிய பிறகே தெரிந்தது. அப்படிப்பட்ட குடும்பத்துப் பெண்களின் ரத்தத்தை வைத்து அங்கே ஆய்வு நடப்பதாக எங்கள் டாக்டர் சொன்னார்.

புனேயின் கோந்த்வா பகுதியில் அறை, நாளுக்கு 1,400 ரூபாய். காலை 9.15க்கு ஆட்டோ பிடித்தோம். அரைகுறை இந்தியில் நான் இருநூறுக்குப் பேரம் பேச, ஓட்டுநர் சிரித்துவிட்டார்.

"தமிழ்லயே சண்டை போடுங்கண்ணே, எங்க தாத்தா வேலூரு. மீட்டர்படி குடுங்க, போதும்."

ஆய்வகம் இருக்கும் ஹடப்சர் வரை ஒன்பது கிலோமீட்டர்; மீட்டரில் 155தான் வந்தது!

ஆய்வகத்துப் பெண் விளக்கை அணைத்து இரண்டு குப்பிகளைக் காட்டினார். ஒன்று இருட்டு, மற்றதில் பச்சை வெளிச்சம். கட்டி சின்னதாக இருக்கும்போதே அதன் டிஎன்ஏ துணுக்குகள் ரத்தத்தில் கலக்குமாம். கண்ணுக்குத் தெரியாத நானோ துகள்கள் அவற்றைப் பிடித்தால் ஒளிரும். நான் மஞ்சள் வியாபாரி. நூறு மூட்டையில் பூச்சி அரித்த ஒரே கிழங்கைத் தேடுகிற பாடு எனக்குத் தெரியும். இன்னும் ஆராய்ச்சி நிலைதான், சந்தேகம் என்றால் போன் செய்வோம், ஸ்கேன் எடுத்துத்தான் உறுதி செய்யணும் என்றார் அந்தப் பெண்.

படிவத்தை நானே நிரப்பினேன். கேஸ், பேங்க் எல்லாவற்றுக்கும் கொடுப்பதுபோல என் நம்பர். ஜோதிமணி எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இது யாரு நம்பருங்க?"

"என்னுதுதான் புள்ள. நான் பாத்துக்கறேன்."

"அக்காளுக்கும் மாமா இப்படித்தான் பாத்துக்கிட்டாருங்க. ரிசல்ட்டு அவரு போனுக்கு வந்துது. அவ பயந்துக்குவான்னு ரெண்டு மாசம் மூடி வெச்சுட்டாரு."

சகலையிடம் அப்படிச் செய்யச் சொன்னதே நான்தான்.

"நீங்க சொல்லித்தான்னும் தெரியுமுங்க" என்றாள் மெதுவாக. "கோவமில்லீங்க. எம்பட நம்பரப் போடுங்க. இல்லீனா ஊரு போய்ச் சேரலாம்."

என் நம்பரை என் கையாலேயே அடித்துவிட்டு அவள் நம்பரை எழுதினேன்.

போகிறவர்களுக்கு: பழைய மருத்துவச் சீட்டுகளை எடுத்துப் போங்கள். வெறும் வயிறு தேவையில்லை. தெரியாமல் இவளைப் பட்டினி போட்டுக் கூட்டிப்போனேன். இதை நம்பி வழக்கமான பரிசோதனைகளை விட்டுவிடாதீர்கள். நம்பர் யாருடையது என்று வீட்டிலேயே பேசி முடியுங்கள்.

நாங்கள் திரும்பும் ஆட்டோவில்தான் பேசி முடித்தோம். போன் அவளுக்கு வரும். அன்றைக்கே எனக்குச் சொல்வாள். ஸ்கேன் என்றால் மண்டியைச் சாத்திவிட்டு நானும் போகணும். பதிலுக்கு நான் கேட்டது ஒன்றுதான்: அழுவதென்றால் என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அழணும். சரி என்றாள்.