சூடு ஆறும் முன் பிரித்த சூளை

எனக்குக் காலில் சக்கரம் என்று வீட்டில் சொல்வார்கள். பாராட்டாக ஒருநாளும் சொன்னதில்லை. விருத்தாசலத்தில் பிறந்தவனுக்கு அது இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஜங்ஷன் என்று பேர் வைத்து, சென்னைக்கு ஒரு பக்கம், திருச்சிக்கு ஒரு பக்கம், சேலத்துக்கு ஒரு பக்கம், கடலூருக்கு ஒரு பக்கம் என்று நாலாபுறமும் தண்டவாளத்தை இழுத்துவிட்டிருக்கிறார்கள். வண்டி வரும், நிற்கும், யார் யாரையோ ஏற்றிக்கொண்டு போய்விடும். நான் பிளாட்பாரத்தில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, சைக்கிளை மிதித்துக்கொண்டு பீங்கான் கம்பெனிக்கு வேலைக்குப் போவேன். எரிச்சல் எரிச்சலாக வரும்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஐந்தாறு வருடம் அந்தக் கம்பெனியில் இருந்தேன். கம்பெனி என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு கொட்டகை, பின்னால் ஒரு சூளை, ஏழெட்டு பெண்கள், நான், முதலாளி. கொலு பொம்மை, கார்த்திகை விளக்கு, டீ கப் என்று எந்த ஆர்டர் வருகிறதோ அதைச் செய்வோம். சூளை எரிப்பது என் வேலை.

ஐப்பசி வந்தால் எங்கள் தொழில் படுத்துவிடும். அடைமழையில் அச்சிலிருந்து எடுத்த சாமான் காயாது. காயாததைச் சூளையில் வைத்தால் எரிக்கும்போதே வெடிக்கும். அதனால் கூடத்தில் பலகை பலகையாகச் சாமான் உட்கார்ந்திருக்க, அதைப் பார்த்தபடி நாங்களும் உட்கார்ந்திருப்போம். ஊர் சுற்றுவதற்கு அதைவிட நல்ல காலம் கிடையாது என்பது என் கட்சி. சித்திரையில் விடுமுறை விட்டு, வெயிலில் வெந்துகொண்டு ஊர் பார்க்கச் சொல்வது யார் கண்டுபிடித்த வழக்கமோ! ஐப்பசியில் மழை இரண்டு நாள் விட்டால் போதும். கல்வராயன் மலையில் அருவி விழும். பிச்சாவரத்தில் படகு விடுவார்கள். தரங்கம்பாடியில் கடல் கறுத்துக் கிடக்கும், கரையில் ஆளே இருக்காது. எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு பஸ், எங்கே மாற வேண்டும் என்பதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். போனதுதான் இல்லை. கல்யாணம், சாவு, காதுகுத்து, இந்த மூன்றும் இல்லாமல் பஸ் ஏறினால் எங்கள் வீட்டில், "யாரப் பாக்கப் போற?" என்று கேட்பார்கள். யாரையும் பார்க்க இல்லை என்றால் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

அந்த வருடம் முதலாளியே விடுமுறை கொடுத்தார். கார்த்திகை விளக்கு ஒரு லோடு சூளையில் ஆறிக்கொண்டிருந்தது. "ஞாயித்துக்கெழம சாயங்காலம் சூளையப் பிரிச்சி வுட்டுட்டுப் போ. திங்கக்கெழம பொம்பளைங்க வந்து எறக்கிக்குவாங்க. நீ புதன்கெழம வந்தாப் போதும்" என்றார்.

சூளை விஷயத்தைக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். சூளையின் வாயைச் செங்கல் வைத்து அடைத்து, மேலே மண் பூசித்தான் எரிப்போம். எரிப்பு ஒரு நாளில் முடிந்துவிடும். பிறகு இரண்டு நாள் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். உள்ளே பீங்கான் தானாக ஆற வேண்டும். அப்புறம் மேல் வரிசையில் இரண்டே இரண்டு கல்லை உருவி, உள்ளே கை நீட்டிப் பார்ப்போம். கை பொறுத்தால்தான் மிச்சக் கல்லைப் பிரிக்கலாம். அவசரப்பட்டால் குளிர்ந்த காற்று புகுந்து சாமான் கீறல் விட்டுவிடும். மற்ற வேலைக்கெல்லாம் கெட்டிக்காரத்தனம் வேண்டும், இதற்குச் சும்மா இருக்கத் தெரிந்தால் போதும். எனக்கு அது ஒன்றுதான் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மழை விட்டது. பளிச்சென்று வெயில். மதியம் வேப்பூர் பஸ்ஸைப் பிடித்தால், அங்கே மாறி, கள்ளக்குறிச்சி போய், மலைக்கு ஏறும் கடைசி பஸ்ஸில் ஏறிவிடலாம். சாயங்காலம்வரை காத்திருந்தால் ஒரு நாள் போச்சு. பத்து மணிக்குப் பையோடு கம்பெனிக்குப் போனேன். ஞாயிறு என்பதால் யாருமில்லை. இரண்டு கல்லை உருவிக் கையை நீட்டினேன். பொறுக்கவில்லை. வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்து மறுபடி நீட்டினேன். அப்போதும் பொறுக்கவில்லை. பொறுத்த மாதிரிதான் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, மளமளவென்று எல்லாக் கல்லையும் பிரித்தேன்.

முகத்தைக் கழுவும்போது கேட்டது. டிங். கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. அப்புறம் ஒன்றன்பின் ஒன்றாக. அந்தச் சத்தம் என்னவென்று எனக்குத் தெரியும். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வேப்பூர் போகும்வரை இறங்கித் திரும்பிவிடலாமா என்று இருந்தது. அங்கே நெடுஞ்சாலையில் சென்னை பஸ்ஸும் திருச்சி பஸ்ஸும் சேற்றை அடித்துக்கொண்டு பறந்தன. சாப்பாட்டுக் கடைகளில் யார் யாரோ அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு ஓடி ஏறினார்கள். அதில் நானும் ஒருவன் என்று நினைத்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. மலை பஸ் கொண்டை ஊசி வளைவில் திரும்பியபோது கீழே வயல்கள் எல்லாம் தண்ணீரும் பச்சையுமாகக் கிடந்தன. நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கண்டக்டரிடம் திட்டு வாங்கினேன். திட்டுகூட நன்றாக இருந்தது.

மலைமேல் வெள்ளிமலை என்ற ஊரில் ஒரு டீக்கடைக்காரர் கடைக்குப் பின்னால் படுக்க இடம் கொடுத்தார். எதற்கு வந்தாய் என்று அவர் கேட்கவே இல்லை. திங்கட்கிழமை முழுக்க சாமை வயல்களுக்கு நடுவில் போன பாதைகளில் எல்லாம் நடந்தேன். ஒரு பாதை பிரிந்தால் இரண்டிலும் போய்ப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் டிங் என்று கேட்டது.

சாயங்காலம் மனசு கேட்காமல் போன் பூத்திலிருந்து கம்பெனிக்குப் பேசினேன். முதலாளி எடுத்தார். "லோடு பாதிக்கு மேல கீறிக்கிச்சிடா. அந்தம்மா ஈரத்தோட அடுக்கி வச்சிருக்குது. மழைக்காலத்துல பாத்து அடுக்கணும்னு எத்தினி தடவ சொல்றது? இனிமே வராதன்னு அனுப்பிட்டேன்" என்றார். அந்தம்மா என்று அவர் சொன்னது சூளையில் சாமான் அடுக்கும் அக்காவை. நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே அடுக்குகிறவர். ஒவ்வொரு விளக்கையும் கன்னத்தில் வைத்து ஈரம் பார்த்துத்தான் உள்ளே வைப்பார். கணவருக்கு உடம்பு சரியில்லை, அந்த வீடு அக்கா சம்பளத்தில்தான் நடந்தது. இது எல்லாம் எனக்குத் தெரியும். "அப்படியாங்க" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் இறங்கியிருக்கலாம். பஸ் என் கண்முன்னால்தான் நின்றது. நான் ஏறாமல், டீக்கடைக்காரர் சொன்ன வழியில் அருவிக்கு நடந்தேன். பாறையும் வழுக்கலுமாக இரண்டு மணி நேரம். கடைசித் திருப்பத்தில் மரங்கள் விலகின. அவ்வளவு தண்ணீர் மேலிருந்து விழுவதை நான் அதுவரை பார்த்ததில்லை. சட்டையோடு போய் அடியில் நின்றேன். கத்தினேன், சிரித்தேன். அங்கே போய் வருத்தமாக இருந்தேன் என்று எழுதினால் எனக்கு மரியாதையாக இருக்கும். ஆனால் பொய். ஒரு மணி நேரம் அக்காவின் நினைப்பே வரவில்லை. என் வாழ்க்கையில் அப்படி சந்தோஷமாக இருந்த நேரங்கள் குறைவு.

புதன்கிழமை பஸ்ஸிலிருந்து நேராகக் கம்பெனிக்குப் போய், சூடு ஆறுவதற்கு முன்னே பிரித்தது நான்தான் என்று முதலாளியிடம் சொன்னேன். அவருக்கு வியாபாரம் தெரியும், பீங்கான் தெரியாது. அதனால் கீறல் விட்ட விளக்கு ஒன்றை எடுத்து விளிம்பைக் காட்டினேன். எரியும்போது வந்த கீறல் என்றால் பளபளப்புக்குப் பூசிய கிளேஸ் உருகி ஓடி விளிம்பு மழுங்கியிருக்கும். இது கத்தி மாதிரி கையை அறுத்தது, ஆறும்போது வந்தது. முதலாளி என்னையும் விளக்கையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்தம்மாவ வரச் சொல்லிட்டு, நீ அப்படியே போயிடு" என்றார்.

அக்கா வீடு பெண்ணாடம் ரோட்டுப் பக்கம். வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டுத்தான் திரும்பினார்.

"வெளிம்பப் பாத்ததுமே எனக்குத் தெரியும், நீதான்னு. சொல்லத்தான் சொன்னேன். தப்ப மறைக்க அவன்மேல பழி போடறியான்னு கேட்டாங்க. அத்தினி பேரு முன்னாடி. மூணு நாளா எங்க வூட்டுக்காரரு மூஞ்சிய என்னால பாக்க முடியல."

"தப்புதாங்கக்கா."

"சாயங்காலம்வரைக்கும் இருக்க முடியாம ஓடுனியே, அப்படி என்னதான்டா இருக்குது அங்க? சொல்லு, கேக்கறேன்."

நிஜமாகவே கேட்கிறார் என்று நினைத்தேன். பஸ் வளைவில் திரும்பியது, கீழே வயல் தெரிந்தது, இரண்டு மணி நேரம் நடந்தது, மரங்கள் விலகியது என்று சொல்லிக்கொண்டே போனேன். அருவி எவ்வளவு உயரம் என்று காட்ட இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினேன். "நின்னா முதுகுல கல்லு விழற மாதிரி அடிக்குதுக்கா, மூச்சே வுட முடியல!" என்றேன்.

அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மன்னிப்பு கேக்க வந்தவன் மூஞ்சாடா இது?"

தூக்கிய கையை எப்படிக் கீழே இறக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.