அத்தை களவாண்ட அருவாள்

எங்கள் வீட்டுக் கருக்கருவாளை அத்தை திருடிக்கொண்டு போய்விட்டாள் என்பது கல்லிடைக்குறிச்சியில் எங்கள் தெருவுக்கே தெரிந்த சங்கதி. நெல்லறுக்கிற அருவாள்தான், பல் பல்லாக இருக்குமே, அது. அப்பா கை பட்டுப் பட்டுப் பிடியில் ஒரு பள்ளம் விழுந்திருக்கும். அவள் அதை ஏன் எடுத்தாள் என்பது எழுபது வயதைத் தாண்டிய பிறகு, போன வருசம் ஒரு மத்தியானத்தில்தான் எனக்கு விளங்கியது. அந்தத் திடுக்காட்டம் இன்னும் நெஞ்சை விட்டுப் போகவில்லை. எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல என் பேத்திதான் எழுதுகிறாள். அவளைப் பற்றியும் இதில் வருகிறது. "நீங்க சொல்லுங்க தாத்தா, நான் எழுதுதேன்" என்று அவளே சொல்லிவிட்டாள்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. பிள்ளை இல்லையென்று புருசன் வீட்டார் அனுப்பிவிட, எங்களோடு இருந்தாள். என் தங்கை பிறந்தபோது எனக்கு ஏழெட்டு வயதிருக்கும். பெற்றவளைக் காற்று கருப்பு அண்டாமலிருக்கத் தலைமாட்டில் ஓர் இரும்பைப் போட்டுவைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அப்பா அந்த அருவாளைத்தான் வைத்தார்.

அம்மா சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பாள். பிள்ளை வீறிட்டாலும் திரும்பமாட்டாள். அத்தைதான் எடுத்து அம்மா மாரில் வைப்பாள். நான் ஆற்றில் துண்டு விரித்துப் பிடித்த அயிரை மீனைச் செம்போடு கொண்டுபோய்க் காட்டுவேன். குரங்குபோலக் குதிப்பேன். வாய்க்கால் உடைந்த கதை, செக்கடி நாய் குட்டி போட்ட கதை என்று எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பேன். அம்மாவின் கண் என்மேல் படும், ஆனால் என்னைப் பார்க்காது. அன்றைக்குப் பிடித்த பேச்சுதான், இன்னும் நிற்கவில்லை. "இந்த மனுசன் வாய்க்கு மடைப்பலகையே கிடையாது" என்று என் சம்சாரம் சாகிறவரைக்கும் சொன்னாள். அம்மா அப்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தால் நான் இத்தனை பேசுகிறவனாக ஆகியிருக்கமாட்டேனோ என்னவோ. தங்கையோ நெடுநாள் வாயே திறக்கவில்லை. இப்போதும் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்வாள்.

விட்ட இடத்துக்கு வருகிறேன். அப்பா வைத்த அருவாள் காணாமல் போகும். வைக்கோல் படப்பிலோ தொழுவத்திலோ கிடக்கும். அப்பா எடுத்துவந்து மறுபடி வைப்பார். ஒருநாள் அத்தை கையும் அருவாளுமாக அகப்பட்டுக்கொண்டாள்.

"ஏட்டி, எம் பொண்டாட்டியக் காத்து அடிச்சிக் கொல்லணும்னு பாக்கியா?"

"அண்ணே, ஒங்க காலப் பிடிக்கேன். வேற எந்த இரும்பு வேணும்னாலும் வைங்க. இது மட்டும் அங்கன வேண்டாம்."

"ஏன் வேண்டாங்கேன்?"

அத்தை அம்மா படுத்திருந்த பக்கம் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த வீட்டுக்காரி சொன்னாள், "பெறாதவளுக்கு மனசு வேற எங்கன போவும்?" அப்பா அத்தையை வாசல்படி மிதிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். துணிமூட்டையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டவள் என்னைக் கூப்பிட்டு, "ஏலே மருமவனே, அம்மையத் தனியா விடாத. பேசிக்கிட்டே இரு" என்றாள். அவள் போன பிறகு பார்த்தால் அருவாள் இல்லை. "களவாணி முண்ட" என்று அப்பா காறித் துப்பினார். அப்புறம் மாட்டு லாடம் ஒன்றைத்தான் தலைமாட்டில் வைத்தார்.

மாசி, பங்குனியில் பிசான நெல்லறுப்பு முடிகிற சமயம் அம்மா தானாக எழுந்து அடுப்படிக்கு வந்தாள். அந்த நாட்களைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் களக்காட்டுப் பக்கமிருந்து யார் வந்தாலும், "அவ சொகமா இருக்காளா?" என்று மெதுவாகக் கேட்பாள். அத்தை அங்கேதான் வயல்வேலை பார்த்துப் பிழைத்தாள். அவள் செத்தபோது அப்பாவுக்குத் தெரியாமல் நான் போனேன். அவள் குடிசைக் கூரை இறவாணத்தில் ஒரு பழந்துணிப் பொட்டலம் செருகியிருந்தது. பிரித்தால் எங்கள் அருவாள். துருவேறிப் பல்லெல்லாம் அடைந்து கிடந்தது. தான் ஓர் அறுப்புக்கும் கொண்டுபோகாத அருவாளை எதற்குத் திருடினாள் என்று யோசித்துவிட்டு அப்படியே விட்டுவிட்டேன்.

போன வருசம் பேத்திக்குப் பேறுகாலம். பெரியாஸ்பத்திரியிலிருந்து வந்ததும் என் மகள் பழையபடி ஓர் அருவாளைத் தலைமாட்டில் போட்டாள். பேத்தி பிள்ளையை எடுக்கவில்லை, சரியாகச் சாப்பிடவில்லை. அசதி என்று நினைத்தோம். மகள் ஆற்றுக்குப் போயிருந்த மத்தியானம், நான் பக்கத்தில் உட்கார்ந்து என் வழக்கப்படி ஏதோ கதை அளந்துகொண்டிருந்தேன். அவள் நடுவில் பைய சொன்னாள்.

"தாத்தா, அந்த அருவாள எடுத்துட்டுப் போயிருங்க."

"அது காவலுக்குல்லா போட்டுருக்கு, ஏட்டி."

"அதப் பாக்கப் பாக்க எனக்கு எம்மேலயே பயமா இருக்கு."

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கதையைப் பாதியில் விட்டேன். அருவாளை எடுத்தேன். சுற்றப்போனால் பல் துண்டில் சிக்கியது. பேத்தி இருந்த இடத்தில் அம்மா படுத்திருப்பதுபோல் இருந்தது. அம்மாவும் இதே வார்த்தையை அத்தையிடம் சொல்லியிருக்கிறாள்! அத்தை அதை வெளியே சொல்லியிருந்தால் அம்மாவைப் பேயோட்டுகிற கோடாங்கியிடம் இழுத்துப்போய் வேப்பங்குழையால் அடித்திருப்பார்கள். அவள் வாயை மூடிக்கொண்டு களவாணிப் பெயரோடு போய்விட்டாள்.

மகள் வருகிறவரை இடத்தை விட்டு அசையவில்லை. வந்ததும் சொன்னேன். "ஊரு சிரிக்கும்பா" என்று அழுதாள். "சிரிக்கட்டும்ளா. நீ நர்சம்மாவக் கூப்பிடு" என்றேன். வந்த நர்சம்மா பேத்தியோடு தனியாகப் பேசிவிட்டு, "இது சீக்குதான் தாத்தா, பெத்தவங்களுக்கு வாறதுதான். மருந்து இருக்கு. தனியா மட்டும் விடாதீங்க" என்றாள். அத்தை சொன்ன அதே சொல். அன்றே திருநெல்வேலிக்குக் கூட்டிப்போனோம். தேறுவதற்கு மாசங்கள் ஆயிற்று. இப்போது இவள் எழுதிக்கொண்டிருக்கும்போதே பிள்ளை மடியில் கிடந்து பேனாவைப் பிடுங்குகிறான்.

பேத்தி தலைமாட்டில் கிடந்த அருவாளை அன்றைக்கே பழைய இரும்பாகக் கொல்லனிடம் கொடுத்துவிட்டேன். போன வாரம் அடுத்த வீட்டுக்காரன் புல்லறுக்கக் கேட்டு வந்தான்.

"அது களவு போயிட்டுவே."

"எவன் களவாண்டான்?"

"நாந்தான்" என்றேன்.

அவன் சிரித்துவிட்டுப் போனான். நான் சிரிக்கவில்லை.