'இப்படி நடந்தா என்ன பண்ணுவீங்க?'

வேலை பார்ப்பதைவிட வேலை கேட்டு ஏறி இறங்குவதுதான் பெரிய வேலை. ஏறி இறங்கின உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? லாரி ஓட்டும் என் வூட்டுக்காரர் காலை உடைத்துக்கொண்டு, கம்பி வைத்து, கட்டிலே கதியென்று ஆகிவிட்டார். இனி நான் சம்பாதித்தால்தான் சோறு. பதிமூன்று வருஷம் பெட்டியில் கிடந்த டிகிரி சர்டிபிகேட்டைத் தூசி தட்டி, எலவனாசூர்கோட்டையில் பஸ் ஏறினேன்.

தீப்பிடித்த ஜவுளிக்கடை

முதல் இன்டர்வியூ கள்ளக்குறிச்சியில் ஒரு ஜவுளிக்கடை. மேனேஜர் எடுத்த எடுப்பிலேயே, "நீங்க பில் கவுண்டர்ல இருக்கீங்க. மாடியில தீப்பிடிச்சிக்கிச்சு. என்ன பண்ணுவீங்க?" என்றார். எனக்குப் பதறிவிட்டது. அன்றைக்கு வெள்ளிக்கிழமை வேறு, சாம்பிராணிப் புகைகூட அடங்கவில்லை. "வாயக் கழுவுங்க சார்! நல்ல நாளும் அதுவுமா இன்னா பேச்சு இது? கடை நூறு வருஷம் நல்லா இருக்கும்!" என்றேன். மனுஷன் சிரிப்பை அடக்கிக்கொண்டு பைலை மூடினார்.

"ஒங்க வாய் முகூர்த்தம் பலிக்கட்டும்மா. ஆனா தீ இன்னும் எரிஞ்சிக்கினுதானே இருக்குது!"

பொறுமையோ பொறுமை

அது சும்மா கற்பனைக் கேள்வி என்று வூட்டுக்காரர்தான் புரியவைத்தார். பாவம், படுத்தபடியே கோபக்கார கஸ்டமராக மாறி ஒரு வாரம் என்னைக் காய்ச்சி எடுத்தார். 'பொறுமையாகக் கேட்பேன்' என்பதை நானும் உருப்போட்டேன்.

உளுந்தூர்பேட்டையில் ஒரு மிக்ஸி, கிரைண்டர் கடை. கஸ்டமர் கத்தினால்? பொறுமையாகக் கேட்பேன். திட்டினால்? பொறுமையாகக் கேட்பேன். மிக்ஸி ஜாரை எடுத்து எறிந்தால்? அதற்கும் அதேதான், வேறெதையும் நான் மனப்பாடம் செய்யவில்லையே! ஓனரம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"மண்ட ஒடஞ்சா கட்டு போடவாச்சும் எழுந்து போவியாம்மா?"

தெரியலங்க மேடம்

திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன், மறைப்பானேன். அடுத்தது கள்ளக்குறிச்சியிலேயே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ரிசப்ஷன் வேலை. டாக்டரம்மாவே கேட்டார்: "மத்தியானம் டோக்கன் முடிஞ்சி நான் மாடியில தூங்கறேன். கல்வராயன் மலையிலருந்து ஒரு பொம்பள காய்ச்சல் கொழந்தையோட வந்து நிக்கறா. அவ ஊருக்கு இருக்கறது ஒரே பஸ். என்ன பண்ணுவே?"

உருப்போட்டதெல்லாம் பறந்துவிட்டது. "தெரியலங்க மேடம். ஆனா நாளைக்கு வான்னு மட்டும் என் வாயில வராதுங்க. ஒங்கள எழுப்புவேன்."

"நான் கோச்சிக்கினா?"

"திட்டு வாங்கிக்குவேங்க. நீங்க கீழ எறங்கி வர்ற வரைக்கும் எழுப்பிக்கினே இருப்பேன்."

சொல்லிவிட்டு, இதுவும் போச்சு என்று பையைத் தூக்கினேன். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"திங்கக்கெழமையிலருந்து வந்துடு. நான் நல்லாவே கோச்சிக்குவேன், ஆனாலும் எழுப்பு."

மூன்று வருஷமாக நான் எழுப்புகிறேன், அவர் கோபித்துக்கொள்கிறார். என்னை வேண்டாமென்று அனுப்பிய அந்த இரண்டு கடைகளுக்கும் சேர்த்தே தினமும் ஒரு கும்பிடு போட்டுக்கொள்கிறேன்.