இடது பக்கத்து ஹப்பை யார் பூட்டுவது?

போன ஞாயிற்றுக்கிழமை காலை, போத்தனூர் தாண்டி ஒரு கல்குவாரிக்குப் பின்னால், தொடை ஆழச் சேற்றில் ஒரு ஜீப் நின்றுகொண்டிருந்தது. ஸ்டீரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தது நான்தான்.

வாரா வாரம் இந்தப் பக்கத்தில் ரேஷன் கடை, பஸ் கண்டக்டர், பல் டாக்டர் என்று உங்களோடு பேசிக்கொண்டிருப்பவள் சேற்றுக்கு எப்படிப் போனாள்? சொல்கிறேன்.

கோயமுத்தூரில் ஜீப் வைத்திருப்பவர்கள் சிலர் சேர்ந்து ஒரு கிளப் நடத்துகிறார்கள். மில்காரர் ஒருவர், பம்ப்செட் கம்பெனி இன்ஜினீயர் ஒருவர், ஆர்.எஸ்.புரத்தில் கிளினிக் வைத்திருக்கும் குழந்தைகள் டாக்டர்... இப்படி. ரோடே இல்லாத இடமாகப் பார்த்து, கல், மேடு, சேறு என்று ஒரு வழி குறிப்பார்கள். அதில் ஓட்டிக் காட்டுவதுதான் போட்டி. வேகம் முக்கியமில்லை. இரண்டு பக்கமும் நட்டிருக்கும் ரிப்பன் குச்சிகளை இடிக்காமல் போய்ச் சேர வேண்டும். நடுவில் மாட்டிக்கொண்டால் கொஞ்ச நேரம் பார்ப்பார்கள், அப்புறம் விசில் ஊதிக் கயிறு போட்டு இழுப்பார்கள். இழுத்தால் அவுட்.

இதற்கு என் கணவர் முதல் தடவையாகப் பேர் கொடுத்திருந்தார். பேர் கொடுத்த நாளிலிருந்து சாப்பாட்டுத் தட்டில்கூட மேடு கட்டி விரலால் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை காலை தூங்கி எழுந்தால், இரண்டு கண்ணும் செக்கச் செவேல். மெட்ராஸ் ஐ.

"பேரை வாபஸ் வாங்க மனசு வரலை. நீ ஓட்டேன்" என்றார், கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து.

எனக்கு ஜீப் ஓட்டத் தெரியும். பல்லடத்தில் எங்கள் கோழிப்பண்ணைக்குள் தீவன மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஷெட் ஷெட்டாகப் போவேன். லைசென்ஸும் எடுத்து, பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரமாக வைத்திருக்கிறேன். பண்ணைக்கு வெளியே மட்டும் ஓட்டியதில்லை. ஓட்டக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை... ஓட்டு என்றும் யாரும் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் பல விஷயங்கள் இப்படித்தான் நடக்கின்றன. உங்கள் வீட்டில் எப்படி?

அந்த ஜீப்புக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அதை விற்றுவிட்டு ஒரு வேன் வாங்குவது, வேனுக்கு ஒரு டிரைவர் போடுவது என்று என் கணவரின் அண்ணன் முடிவு செய்திருந்தார். டிரைவர் வந்துவிட்டால் எனக்கு ஓட்ட என்ன இருக்கிறது? தினம் அரை மணி நேரம், கோழிகளுக்கு நடுவில், நானே கியர் போட்டு நானே திருப்பும் அந்தச் சின்ன சுகமும் போய்விடும். இந்தக் கவலையை யாரிடமும் சொன்னதில்லை.

இந்த அண்ணனைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நான் அவரைப் பெரிய மாமா என்று சொல்வேன். சொல்வேன் என்றால், மற்றவர்களிடம் சொல்வேன். அவரிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. அவரும் என்னிடம் பேசியதில்லை.

சண்டையா? ஐயோ, இல்லவே இல்லை. மரியாதை! தம்பி பெண்டாட்டியிடம் மூத்தவர் நேராகப் பேசுவது எங்கள் வீட்டு வழக்கத்தில் இல்லை. ஒரே கூரை, ஒரே சமையல். கையில் தண்ணீர்ச் சொம்போடு நான் நின்றுகொண்டிருப்பேன். "தண்ணி வேணும்னு சொல்லு" என்பார் தன் மனைவியிடம், அதாவது நான் அக்கா என்று கூப்பிடுபவளிடம். நான் ஊற்றுவேன். இந்தப் பத்தியை அவர் வாரம் தவறாமல் படிக்கிறார் என்று எனக்குத் தெரியும். அதையும் அவர் மனைவி சொல்லித்தான் தெரியும்.

நான் ஓட்டப்போகிற செய்தி அவர் காதுக்கு எட்டியது. அன்று மதியம் சாப்பிட உட்கார்ந்தவர், மனைவியைப் பார்த்துச் சொன்னார்:

"போறதுன்னாப் போகட்டும். கயிறு போடாம வந்து சேர்ந்தா வண்டி ஊட்லயே இருக்கட்டும். கயிறு போட்டு இழுத்தாங்கன்னா, அந்த வாரமே வித்துப்போடலாம்னு சொல்லிப்போடு."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "கேட்டுக்கிட்டயா?"

"கேட்டேனுங்கக்கா. சரின்னு சொல்லிருங்க."

"சரிங்களாமா" என்றாள் அக்கா அவரிடம். அவர் தலையாட்டினார். எங்கள் மூன்று பேருக்கும் நடுவில் இருந்தது ஒரு சாம்பார்ப் பாத்திரம்தான்.

அடுத்த சிக்கல் உடனே வந்தது. வண்டியில் இரண்டு பேர் இருக்க வேண்டும் என்பது கிளப் விதி. ஒருவர் ஓட்ட வேண்டும், இன்னொருவர் வழி பார்த்துச் சொல்ல வேண்டும். கணவருக்குக் கண்ணே திறக்கவில்லை. அக்காவைக் கேட்டேன். "பல்லடம் பஸ் ஸ்டாண்டு போறதுக்குள்ளயே எனக்கு வாந்தி வந்துரும் சாமி, என்னை உட்டுரு" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

உள்ளேயிருந்து பெரிய மாமாவின் குரல் வந்தது. "வண்டி என்ர பேர்ல இருக்குது. நானே போறேன்னு சொல்லு."

அப்போதிலிருந்து எனக்கு ஒரே கேள்விதான். போட்டி பயம்கூட இரண்டாம் பட்சமாகிவிட்டது. வழி சொல்கிறவருக்கு வேலையே பேசுவதுதானே? வண்டிக்குள் அக்கா இல்லை. பெரிய மாமா யாரிடம் சொல்லப்போகிறார்?

ஞாயிற்றுக்கிழமை என் கணவரைப் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு, போத்தனூர் வரை பெரிய மாமாவே ஓட்டினார். இறங்கி, சாவியை பானெட் மேல் வைத்தார். நான் எடுத்துக்கொண்டேன். சலவை வேட்டியை ஒதுக்கிப் பிடித்தபடி இடது பக்கம் ஏறி உட்கார்ந்தார். கொடி அசைந்தது.

முதல் தடை, பெரிய பெரிய கற்கள். நான் தயங்கினேன். பெரிய மாமா தொண்டையைக் கனைத்தார். முன் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார்:

"கல்லுக்கு வலது பக்கமாப் போனாத் தேவலை."

ஓகோ... கண்ணாடியிடம்! எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு நான் ஸ்டீரிங்கிடம் சொன்னேன். "வலது பக்கம் ரொம்பச் சாய்வா இருக்குதே."

"சாஞ்சாலும் கவுறாது" என்றார் கண்ணாடியிடம்.

கவிழவில்லை. அடுத்து ஒரு செங்குத்தான மேடு. "ஃபர்ஸ்ட் கியரே போதுமோ என்னமோ" என்று நான் ஸ்டீரிங்கைக் கேட்டேன். "போதும், காலை எடுக்காம இருந்தா ஏறிப்போடும்" என்று கண்ணாடிக்குப் பதில் போனது. ஏறிவிட்டோம். மேட்டின் உச்சியில் ஒரு நொடி பானெட்டும் வானமும் மட்டும் தெரிந்தன. இப்படி ஒரு சந்தோஷம் எனக்கு எத்தனையோ வருஷமாக வந்ததில்லை.

கடைசித் தடை, சேற்றுக் குட்டை. லாரியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி ஊறவைத்த மண்.

இங்கே கொஞ்சம் ஜீப் பாடம். எங்கள் ஜீப்பில் முன் சக்கரங்களின் நடுவில் ஆளுக்கொரு திருகு இருக்கும். ஹப் என்பார்கள். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்க வேண்டுமென்றால், கீழே இறங்கி இந்த இரண்டு ஹப்பையும் கையால் திருகிப் பூட்ட வேண்டும். ஒன்றைப் பூட்டி ஒன்றை விட்டால் பூட்டியதும் வீண். முன் சக்கரம் இரண்டுமே இழுக்காது.

குட்டைக்கு முன்னால் நிறுத்தினேன். இரண்டு பேரும் இறங்கினோம். நான் வலது ஹப்பைத் திருகிப் பூட்டினேன். பெரிய மாமா இடது சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் ஏறினேன். அவரும் ஏறினார். நான்கு சக்கரத்துக்கான லீவரைப் போட்டுச் சேற்றில் இறக்கினேன்.

பாதிக் குட்டையில் வண்டி நின்றுவிட்டது. பின் சக்கரங்கள் மட்டும் சுற்றிச் சுற்றிக் குழி பறித்தன. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் இறங்கியது.

கரையில் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஜமால் பாய் வந்து நின்றார். டவுனில் லாரி ஸ்பிரிங் பட்டறை வைத்திருப்பவர். மாட்டிக்கொண்ட வண்டிகளை இழுப்பது கிளப்பில் அவர் பொறுப்பு.

"ஏனுங்கம்மா, கயிறு போட்டுறட்டுங்களா?" என்றார். "அவசரமில்லீங்க, நீங்க சொன்னாத்தான் போடுவேன். விசில் ஊதீட்டாங்கன்னா மட்டும் என்ர கையில ஒண்ணுமில்லீங்க."

விசில்காரர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கரையில் என் கணவர் கறுப்புக் கண்ணாடியோடு நின்றார். மெட்ராஸ் ஐக்குப் பயந்து அவரைச் சுற்றி ஒரு ஈ காக்கை இல்லை. அவர் முகத்தைப் பார்த்ததும், ஜீப் கையை விட்டுப் போய்விட்டது என்றே எனக்குத் தோன்றியது. அழுகை வந்தது.

திடீரென்று ஒரு சந்தேகம். முன் சக்கரங்கள் ஏன் அசையவே இல்லை?

பெரிய மாமாவைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எப்படிக் கேட்பது? ஸ்டீரிங்கைக் கேட்டால் அதற்கென்ன தெரியும்? விசில் வாய்க்குப் போவது தெரிந்தது.

"மாமா, இடது பக்கத்து ஹப்பைப் பூட்டுனீங்களா?"

கேட்டுவிட்டேன். நேராக அவர் முகத்தைப் பார்த்து. என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது.

அவர் மெதுவாகத் திரும்பினார். "இல்லையே... நீ சுத்தி வந்து பூட்டுவீன்னு நின்னுட்டிருந்தேன்."

"நீங்க அந்தப் பக்கம் இறங்குனீங்க, பூட்டிட்டீங்கன்னு நான் நினைச்சுப்போட்டேனுங்க."

"பூட்டாம ஏறுறதைப் பார்த்தேன். ஏதோ கணக்கு வெச்சிருப்பீன்னு இருந்துட்டேன்."

"பார்த்தீங்களா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே மாமா."

அவர் என்னையே பார்த்தார். "எப்படிச் சொல்றது?" என்றார்.

கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. பாவமாக இருந்தது, அவரை நினைத்தும் என்னை நினைத்தும்.

"இறங்கிப் பூட்டிருங்க மாமா, சீக்கிரம்" என்றேன்.

கண்டால் ஊரில் நாலு பேர் எழுந்து நிற்கும் மனிதர். சலவை வேட்டியை மடித்துக் கட்டி, சேற்றில் இறங்கினார். தொடை வரைக்கும் போய்விட்டது. குனிந்து, தோள்பட்டை நனைய, சேற்றுக்குள் கையை விட்டுத் துழாவினார். கரையில் யாரோ சிரித்தார்கள். அவர் நிமிரவில்லை. கொஞ்ச நேரத்தில் கையைத் தூக்கினார்.

"பூட்டியாச்சு. முன்னால எடுக்காதே, முதல்ல ரிவர்ஸ் போடு. மெதுவா... பதறாதே அம்மணி, வருது, வருது... இப்ப முன்னால எடு. நிறுத்தாதே. நிறுத்தாதே!"

கண்ணாடி இல்லை, அக்கா இல்லை. அவ்வளவும் எனக்குச் சொன்னது. முன் சக்கரங்கள் கடித்துப் பிடித்தன. வண்டி உறுமிக்கொண்டு கரையேறியது. அவர் பின்னாலேயே சேற்றில் தடுமாறி நடந்து வந்து ஏறிக்கொண்டார். ஜமால் பாய் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். "ரொம்பச் சந்தோஷமுங்க" என்றார்.

பரிசா? முடிவுப் பலகையில் எங்கள் பெயரைக் கீழேயிருந்து தேடினால் சீக்கிரம் கிடைக்கும். ஆனால் கயிறு போடவில்லை.

வீட்டுக்கு வந்ததிலிருந்து நான் இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். எத்தனை வீட்டில் எத்தனை ஹப் பூட்டாமல் கிடக்கிறது? குழம்பில் உப்பில்லை என்பது மாமியாருக்கும் தெரியும், மருமகளுக்கும் தெரியும். அவள் சொல்லட்டும் என்று இவள், இவள் சொல்லட்டும் என்று அவள்... கடைசியில் விருந்தாளி வாயில் வைத்துப் பார்த்து முகம் சுளிப்பார். மரியாதை என்று நாம் சொல்வதில் பாதி மரியாதைதான். மீதி வெறும் கூச்சம். அது எது, இது எது என்று சேற்றில் இறங்கும்வரை தெரியாது போலிருக்கிறது.

அன்று சாப்பிடும்போது பெரிய மாமா அக்காவிடம் சொன்னார். "வண்டி இருக்கட்டும்னு சொல்லு." அக்கா என்னிடம் சொன்னாள். நான் அக்காவிடம் தலையாட்டினேன். சரிதான், பழைய குருடி கதவைத் திறடி என்று ஆகிவிட்டது, அவ்வளவுதான் போல, என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை நான் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா பக்கத்தில்தான் சமையலறையில் இருந்தாள். அவர் அவளைக் கூப்பிடவில்லை. நேராக என்னிடம் வந்து நின்றார்.

"கோயமுத்தூர் வரைக்கும் போகோணும். வண்டியை நீ எடுக்கறயா அம்மணி?"

ஈரத் துணியை அப்படியே வாளியில் போட்டேன். "வாரேனுங்க மாமா."

பட்டுப்புடவைக்கு அடியிலிருந்து லைசென்ஸை எடுத்துக்கொண்டேன். அவர் இடது பக்கம் ஏறி உட்கார்ந்தார். நான் ஓட்டினேன். லாரிகள், பஸ்கள், எதிரே வந்தவர்களின் ஆச்சரியம்... எல்லாவற்றையும் தாண்டி.

கோயமுத்தூர் போய்ச் சேரும்வரை அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. பேச என்ன இருக்கிறது, நல்ல தார் ரோடு!