என்னைத் தேடி பஸ் ஏறிய மகள்

போன வருஷம், ஒரகடம் பக்கத்தில் வடக்குப்பட்டுக்கு நாங்கள் குடிவந்த புதிதில் நடந்தது இது. கணவரும் நானும் பிரிந்த பிறகு, பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு தஞ்சாவூரிலிருந்து வந்துவிட்டேன். கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை. மகன் எட்டாவது, மகள் ஒன்றாவது. ஒரே பள்ளி என்பதால் அண்ணன்தான் தங்கையை வீட்டுக்குக் கூட்டிவருவான்.

அன்று சனிக்கிழமை, அரை நாள் பள்ளி. கம்பெனியில் உற்பத்தி லைனில் நின்றுகொண்டிருந்த என்னிடம் சூப்பர்வைசர் வந்து, மகளைக் காணவில்லை என்று பள்ளியிலிருந்து போன் வந்ததாகச் சொன்னார். அண்ணன் வகுப்பிலிருந்து வருவதற்குள் வெளியே போய்விட்டாளாம். கையுறையைக்கூடக் கழற்றாமல் கம்பெனி கேட்டுக்கு ஓடினேன். மெயின் ரோட்டில் பறக்கும் கன்டெய்னர் லாரிகள்தான் கண்ணுக்குள் வந்தன.

கேட்டில் அடுத்த ஷிஃப்ட் பஸ் வந்து நின்றது. அதிலிருந்து ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள் என் மகள்.

பள்ளிக்குப் பக்கத்து ஸ்டாப்பில், என்னைப் போலவே யூனிஃபார்ம் போட்ட பெண்கள் ஏறுவதைப் பார்த்து இவளும் ஏறியிருக்கிறாள். யாரோ ஒருத்தியின் பிள்ளை என்றே எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். அந்தப் பெண்தான் சந்தேகப்பட்டு விசாரித்து, பக்கத்திலேயே உட்கார வைத்து அழைத்து வந்திருக்கிறார்.

அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். "பாப்பா கரெக்டான பஸ்லதான் ஏறிக்கீது. இன்னாத்துக்குக்கா அழுவுற?" என்று அவர் என் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

ஏன் இப்படிச் செய்தாய் என்று மகளைக் கேட்டேன்.

"நீ எங்க போறேன்னு பாக்க வந்தேம்மா. அப்பா மாதிரி நீயும் வராம இருந்துட்டா எங்க போய்த் தேடுறது?"

அவளை அணைத்துக்கொண்டேன். பள்ளிக்குப் போன் செய்து மகனிடம் சொன்னேன். அழுகையை அடக்கிக்கொண்டு "ம்" என்று மட்டும் சொன்னான்.

மறுநாள் அந்தப் பெண் தன் மகளோடு எங்கள் வீட்டைத் தேடி வந்தார். இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருக்கிறார். அவர் மகளும் அதே பள்ளிதான். எங்கள் ஷிஃப்ட் மாறி மாறி வருவதால், நான் இல்லாதபோது என் பிள்ளைகள் அவர் வீட்டில், அவர் இல்லாதபோது அவர் மகள் எங்கள் வீட்டில் என்று பேசிக்கொண்டோம். இன்றுவரை அப்படித்தான் ஓடுகிறது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலையே பிள்ளைகளை ஷேர் ஆட்டோவில் கம்பெனிக்குக் கூட்டிப்போனேன். எந்தக் கட்டடத்தில் வேலை பார்க்கிறேன், எந்த வழியாக வெளியே வருவேன் என்று கேட்டுக்கு வெளியே நின்று காட்டினேன். மகள் பழகியவள்போல செக்யூரிட்டிக்குக் கையசைத்தாள்.

ஊரை விட்டு ஏன் வந்தோம் என்று பிள்ளைகளுக்கு எத்தனையோ தடவை விளக்கியிருக்கிறேன். ஆனால் தினமும் நான் எங்கே போகிறேன், எப்போது திரும்பி வருவேன் என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்திருக்கிறது. இப்போதெல்லாம் ஷிஃப்ட் மாறினால், முதலில் என் மகளிடம்தான் சொல்கிறேன்.