சார்ட்டில் இல்லாத ஊசி

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு புரட்டாசி மதியத்தில், சிவகாசியில் ஒரு சின்னத் தனியார் மருத்துவமனையின் பெண்கள் வார்டில் நடந்தது இது. தீபாவளி சீசன் நெருங்கினால் எங்கள் பக்கம் ஊரே ஓடிக்கொண்டிருக்கும். அந்த வார்டுக்குள் மட்டும் யாருக்கும் அவசரம் இல்லாதது போலிருந்தது. நான்கு கட்டில், பச்சைத் திரை, மெதுவாகச் சுற்றும் மின்விசிறி, ஜன்னலுக்கு வெளியே வெயிலில் அசையாமல் நிற்கும் வேப்பமரம்.

அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. ஆமத்தூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் விறகு எடுக்கப் போனபோது கருவேல முள் காலில் ஏறியிருக்கிறது. யாரிடமும் சொல்லாமல் மஞ்சளை அரைத்து வைத்தே பத்து நாள் ஓட்டியிருக்கிறாள். பாதம் வீங்கிக் காய்ச்சலும் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. நரம்பு வழியாக மருந்து ஏற்றினார்கள். மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் ஊசி. கூட இருந்து பார்த்துக்கொள்ள நான்.

என் வேலை என்ன என்று சொன்னால்தான் நான் செய்த தப்பு புரியும். நான் மெடிக்கல் கோடர். அமெரிக்காவில் எங்கோ ஒருவருக்குப் போட்ட ஊசியும் ஏற்றிய மருந்தும் சார்ட் குறிப்புகளாக என் கணினிக்கு வரும். வீட்டில் உட்கார்ந்து அவற்றைப் படித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய எண்ணைப் போடுவேன். அந்த எண்ணைப் பார்த்துத்தான் அங்கே காப்பீட்டு நிறுவனம் பில்லை ஏற்கும். தசையில் போட்ட ஊசிக்கு ஓர் எண். நரம்பில் நேராகச் செலுத்தினால் வேறு எண். சொட்டுச் சொட்டாக ஏற்றினால் இன்னொன்று. ஏற்றத் தொடங்கிய நேரம் எழுதியிருந்து, முடிந்த நேரம் எழுதாமல் விட்டிருந்தால், மூன்று மணி நேரம் ஏற்றிய மருந்தும் ஒற்றை ஊசியாகச் சுருங்கிவிடும். ஊசி போட்டதையே எழுதவில்லை என்றால் அந்த ஊசியே கிடையாது. பயிற்சியின் முதல் நாளில் எங்களுக்குச் சொன்ன விதி அதுதான்: சார்ட்டில் இல்லாதது நடக்கவில்லை.

ஐந்து வருடம் இதையே பார்த்துப் பழகிய கண், மருத்துவமனைக்கு வந்தாலும் சும்மா இருக்குமா? ஸ்கேன் கவரின் பின்பக்கத்தில் நேரம் குறிக்க ஆரம்பித்தேன். பாட்டில் மாட்டியது, கழற்றியது, காய்ச்சல் பார்த்தது. போதாததற்கு, கட்டிலுக்குக் கட்டில் சொட்டு எப்படி இறங்குகிறது என்றும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் என் வயதுப் பெண் ஒருத்தி. விஸ்வநத்தம் பக்கம் பட்டாசு கம்பெனியில் திரி வேலை பார்ப்பவள். டைபாய்டு. எத்தனை முறை கழுவினாலும் போகாத வெடிமருந்துப் பொடியின் வெள்ளி மினுக்கம் அவள் நகக்கண்ணில் இருந்தது. என்னைக் கவனித்துக்கொண்டே இருந்தவள், இரண்டாம் நாள் கேட்டுவிட்டாள்.

"என்னக்கா, எம் பாட்டிலுக்கும் சேத்து டைம் போடுறீக? எங்க போர்மேன் தோத்தாரு போங்க."

நான் சிரித்துவிட்டுக் கவரைத் திருப்பி வைத்தேன். காலை டியூட்டி சிஸ்டருக்கும் என் பழக்கம் பிடிக்கவில்லை என்று நினைக்கிறேன். இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. ஒரு மாடி முழுவதையும் அவளும் ஓர் ஆயாவும்தான் பார்த்தார்கள். வேலை செய்துவிட்டு அப்புறம் எழுதுவாள். நான் கவரைப் பார்த்து நேரத்தை எடுத்துக் கொடுப்பேன். "சரிங்கக்கா" என்பாள், என் முகத்தைப் பார்க்காமலே.

மூன்றாம் நாள் மதியம். முந்தைய இரவு சரியாகத் தூங்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அம்மாவின் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொட்டு திரண்டு, தயங்கி, விழும். அடுத்தது திரளும். எப்போது கண் சொருகியது என்று தெரியவில்லை. கனவிலும் சொட்டுகள் விழுந்தன. விழுந்த இடத்தில் தண்ணீர் பெருகி வார்டு முழுவதும் ஆனைக்குட்டம் அணை மாதிரி ஆகிவிட்டது. கட்டில்கள் தோணிகளாக மிதந்தன. அம்மா படுத்திருந்த தோணியின் மேல் வெள்ளை உடையில் யாரோ குனிந்தார்கள். அம்மா வாயைத் திறந்தாள், குழந்தை மாதிரி. பிறகு வெகு தூரத்தில் ஏதோ ஊளையிட்டது. வெள்ளை உடை தண்ணீருக்கு மேலே ஓடி மறைந்தது. எனக்குப் பயமே இல்லை. அவ்வளவு அமைதியான கனவு.

விழித்தபோது இரண்டு மணி தாண்டியிருந்தது. அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். டிபன் பாக்ஸ் திறந்திருந்தது. அதைப் பார்த்தும் நான் யோசிக்கவில்லை. கை நேராகக் கட்டில் முனையில் தொங்கிய சார்ட்டுக்குத்தான் போனது. காலை இன்சுலின், நேரத்தோடு, கையெழுத்தோடு இருந்தது. மதியக் கட்டம் வெறுமையாக இருந்தது.

டியூட்டி மாறி வேறொரு சிஸ்டர் அப்போதுதான் உள்ளே வந்தார். கட்டத்தைக் காட்டினேன். அவர், காலைப் பெண் கீழே அவசரப் பிரிவில் இருக்கிறாள், கேட்டுவிட்டுப் போடலாமா என்றார்.

"எதுக்குக் கேக்கணும்? போட்டிருந்தா எழுதியிருப்பாங்கள்ல. எழுதல, அப்ப போடல."

என் குரல் உயரவில்லை. நான் எப்போதும் அமைதியாகத்தான் பேசுவேன். அதனாலேயே என்னை நம்பிவிடுகிறார்கள். சர்க்கரையாவது ஒருமுறை பார்த்துவிடுகிறேன் என்றார். அதற்கும் பதில் வைத்திருந்தேன். காலையில் முந்நூற்று இருபது இருந்தது, இதோ எழுதியிருக்கிறது, ஏற்கெனவே ஒன்றரை மணி நேரம் தாமதம் என்று கட்டத்தின் மேல் விரலை வைத்தேன். அம்மாவை எழுப்பி, "ஊசி போட்டாங்களாம்மா?" என்றும் கேட்டேன். காய்ச்சல் மயக்கத்தில், "தெரியலத்தா" என்றாள்.

சிஸ்டர் மருந்தை உறிஞ்சினார். அம்மாவின் சட்டைக் கையை நானே மேலே தூக்கிப் பிடித்தேன்.

"ஏ சிஸ்டர்! நில்லுங்க, நில்லுங்க! அந்தம்மாவுக்கு அப்பவே போட்டாச்சு!"

பக்கத்துக் கட்டில்காரி எழுந்து உட்கார்ந்திருந்தாள். எழுந்த வேகத்தில் அவள் கையில் இருந்த டியூப் இழுபட்டு ரத்தம் ஏறியிருந்தது.

"ஒன்னரை இருக்கும். வயித்துல போட்டாக. ஒங்கள ரெண்டு தரம் எழுப்புனாகக்கா, நீங்க எந்திரிக்கல. அவுகளே ரெண்டு வாய் சோறு ஊட்டிவிட்டாக. அங்கன ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டுச்சு, தட்டப் போட்டது போட்டபடி ஓடிட்டாக. நானும் இப்பத்தான் அசந்தேன். இல்லாட்டி நீங்க இம்புட்டு நேரம் பேச விட்டிருப்பனா?"

சிஸ்டர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு அம்மாவின் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார். எண்பத்திரண்டு. போட்ட மருந்து இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது, வயிற்றிலோ இரண்டே வாய்ச் சோறு. அம்மாவை உட்காரவைத்துச் சர்க்கரைத் தண்ணீர் புகட்டினோம். மீதித் தயிர்ச்சோற்றை நானே ஊட்டி முடித்தேன்.

டாக்டர் வந்து திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "இன்னொரு ஊசி உள்ள போயிருந்தா சர்க்கரை ஒரேயடியா எறங்கி ஆழமாத் தூங்கியிருப்பாங்க. காய்ச்சல்ல நல்லாத் தூங்குறாங்கன்னு நீங்களும் சந்தோஷமா பாத்துக்கிட்டே இருந்திருப்பீங்க" என்றார். அவ்வளவுதான்.

நாலு மணி வாக்கில் அந்தக் காலைச் சிஸ்டர் படியேறி வந்தாள். கீழே வந்தது வெடி விபத்தில் கருகிய ஒருவர். முதலுதவி செய்து மதுரைக்கு ஏற்றி அனுப்பிய பிறகுதான் அவளை விட்டிருக்கிறார்கள். டியூட்டி முடிந்து இரண்டு மணி நேரம் ஆகியும் வீட்டுக்குப் போகாமல் மேலே வந்ததே எழுதத்தான். அவள் உடையில் வெடிமருந்துப் புகையின் வாடை இருந்தது. நடந்ததை யாரோ சொல்லியிருக்க வேண்டும். முகம் வெளுத்திருந்தது.

"எழுதணும் எழுதணும்னு நெனச்சுக்கிட்டேதான்க்கா படி எறங்குனேன். எந் தப்புதான்" என்றாள்.

அவளுடைய தப்பு ஒரு கட்டத்தை நிரப்பாதது. கனவுக்குள் அவள் குனிந்ததையும் ஊட்டியதையும் ஓடியதையும் நான் பார்த்திருக்கிறேன். கண் முன்னால் டிபன் பாக்ஸ் திறந்து கிடந்தது. எதையும் நம்பாமல் ஒரு வெற்றுக் கட்டத்தை நம்பி, அம்மாவின் சட்டைக் கையைத் தூக்கிப் பிடித்தது நான். அதை அவளிடம் அப்படியே சொன்னேன். அழுகை வந்துவிட்டது. அவளும் அழுதாள். பக்கத்துக் கட்டில்காரிதான், "ரெண்டு பேரும் நல்லா அழுங்க. எம் பாட்டில் தீந்து அரை மணி நேரமாச்சு, அதப் பாக்க ஆளக் காணோம்" என்று எங்களைச் சிரிக்கவைத்தாள்.

அம்மா ஒன்பதாம் நாள் வீட்டுக்கு வந்தாள். கால் ஆறி, இப்போது விருதுநகர்ச் சந்தைக்குத் தனியாகப் போய் வருகிறாள். நான் அதே வேலையில்தான் இருக்கிறேன். விதியும் மாறவில்லை. எழுதாத ஊசிக்கு இன்றும் நான் எண் போடுவதில்லை, போடவும் கூடாது. ஆனால் முன்பெல்லாம் அப்படி ஒரு கட்டம் வந்தால் "சோம்பேறி நர்ஸ்" என்று முணுமுணுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவேன். இப்போது ஒரு நொடி கை நிற்கிறது. நான் பார்த்தே இராத ஊரில், அந்த வெற்றுக் கட்டத்துக்குள், யாரோ ஒருத்தி ஒருவருக்கு இரண்டு வாய் ஊட்டிவிட்டு இன்னொருவரைக் காப்பாற்ற ஓடிக்கொண்டிருப்பது எனக்குத் தெரிகிறது.