மதினி வீட்டு ஷட்டர்

எங்கள் ஜீப் ஷெட்டின் கதவைப் பழைய சைக்கிள் செயினால் பூட்டி வைத்திருந்தோம். பூட்டு என்று சொல்வதே அதற்கு மரியாதை. கீல் பெயர்ந்து ஒரு பக்கமாகச் சாய்ந்த தகரக் கதவை எதிர்க் கதவோடு சேர்த்து ஒரு சுற்றுச் சுற்றியிருந்தோம், அவ்வளவுதான். அந்தக் கீலை மாட்டித் தாருங்கள் என்று என் வீட்டுக்காரரிடம் பொங்கலுக்குச் சொன்னேன், சித்திரையில் சொன்னேன், ஆடியிலும் சொன்னேன். பார்க்கலாம் என்பார். சொன்ன கையோடு பக்கத்து ஷெட்டைப் பார்க்கப் போய்விடுவார்.

பக்கத்து ஷெட் அவருடைய அண்ணனுடையது. அண்ணன் வருஷத்தில் பாதி நாள் குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் கிடப்பார். கீழே கூடலூர் வீட்டில் அவர் மனைவி மட்டும்தான். எனக்கு ஓரகத்தி, என் வீட்டுக்காரருக்கு மதினி. தோட்டத்தில் காயவைத்த ஏலக்காயை இறக்கி, விலை ஏறும்வரை மூட்டை மூட்டையாக அந்த ஷெட்டில்தான் போட்டு வைப்பார்கள். எங்கள் ஷெட்டில் நிற்பது ஒரே ஒரு ஜீப். விடியுமுன்னே காய் பறிக்கிற பெண்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போய், சாயங்காலம் கொண்டுவந்து இறக்கிவிடும். எங்கள் வீட்டு அடுப்பு எரிவது அதை வைத்துத்தான்.

இந்த வருஷம் எங்கள் பக்கத்துத் தெருக்களில் ஷெட் ஷெட்டாகக் களவு போனது. ஒரு வீட்டில் ஜீப் பேட்டரி, இன்னொரு வீட்டில் மருந்தடிக்கிற மோட்டார். மதினி பயமாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னாள். ஒரே ஒரு வார்த்தை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே என் வீட்டுக்காரர் கம்பத்துக்குப் போய் ஷட்டர் போடுகிறவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். நடுவில் ஒரு பூட்டு, ஓரத்துக்கு ஒன்றாக இன்னும் இரண்டு. ஷட்டரை யாராவது தூக்கினால் தெருவே எழுந்துகொள்கிற மாதிரி அலறுகிற சைரன். வாசலைப் பார்த்து ஒரு கேமரா, மலையில் இருக்கிற அண்ணன் போனிலேயே பார்த்துக்கொள்ளலாமாம். வேலை முடிகிறவரைக்கும் ஒரு ஞாயிறு விடாமல் இவர் அங்கே நின்றார். வெயிலில் சிமெண்ட் குழைத்தார். கடைசியில் பூசணிக்காயில் கோர முகம் எழுதி, திருஷ்டிக்கென்று ஷட்டருக்கு மேலே கட்டினார். கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது, சரிதான். ஆனால் யார் கண்ணுக்குக் கட்டினார்? தெருவில் அந்த ஷட்டரை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டு நின்றவள் நான் ஒருத்திதான்.

எனக்குப் பொறாமை. மூடி மறைப்பானேன்? யாரும் தப்பாக நினைக்க வேண்டாம். அவள் அப்படிப்பட்டவள் இல்லை, இவருக்கு அந்தத் துணிச்சலும் இல்லை. தாயில்லாமல் வளர்ந்தவருக்குப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்குச்சட்டியில் சோறு கட்டிக் கொடுத்து அனுப்பியவள் மதினி. எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துவிட்டால் வயிறு எரியாதா என்ன? எனக்கு ஷட்டரா வேண்டியிருந்தது? இந்த மனுஷன் என் கதவுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை வெயிலில் நிற்க வேண்டும், எனக்கு வேண்டியது அதுதான்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஏங்க, அங்கன மூணு பூட்டு, இங்கன சைக்கிள் செயினா?"

"அண்ணன் இல்லாத வீடு. மதினி பயப்படுறாகள்ல," என்றார்.

எனக்குப் பயமே வராது என்று இவருக்கு யார் சொன்னது? அன்றைக்குப் பாத்திரங்களை வழக்கத்தைவிடச் சத்தமாகக் கழுவினேன்.

ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்ட வாரம் அது. விடிகாலையில் ஜீப்பை எடுக்கப் போனவர் என்னைக் கூப்பிட்டார். ஓடிப் போய்ப் பார்த்தால் செயின் தரையில் கிடக்கிறது. ஜீப் போயிற்று என்றே நினைத்தேன். ஆனால் ஜீப் நின்றது. பேட்டரி இருந்தது, ஸ்டெப்னி இருந்தது, சீட்டுக்கு அடியில் ஸ்பேனர் பைகூட அப்படியே இருந்தது. பானெட்டின் மேலே மட்டும் சேற்றுக் காலடிகள்.

இரண்டு ஷெட்டும் ஒரு காலத்தில் ஒரே ஷெட்டாக இருந்தவை. பாகம் பிரித்தபோது நடுவில் ஒரு சுவர் எழுப்பினார்கள். ஆனால் அந்தச் சுவர் கூரையைத் தொடாது, ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு மேலே இடம் விட்டிருக்கும். மாமனார் அப்படித்தான் கட்டச் சொன்னார். சுவர் கூரையைத் தொட்டால் குடும்பம் இரண்டாகிவிடும், அண்ணன் தம்பி பாகம் பிரித்தாலும் ஒரு கூரைக்குக் கீழேதான் இருக்க வேண்டும் என்பது அந்த வீட்டு வழக்கம். ஷட்டர் போட்டபோது இது ஒருத்தருக்கும் நினைவு வரவில்லை. திருடன் எங்கள் செயினை அறுத்து, எங்கள் ஜீப் மேல் ஏறி, சுவரைத் தாண்டிக் குதித்து, மதினியின் ஏலக்காய் மூட்டைகளை எங்கள் கதவு வழியாகவே கொண்டுபோயிருந்தான். அந்தப் பக்கம் மூன்று பூட்டும் பூட்டியபடி இருந்தன. கேமரா ராத்திரி பூராவும் மூடிய ஷட்டரைப் படம் பிடித்திருந்தது. பார்க்க வந்த போலீஸ்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மதினி வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது, காப்பி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆனாலும் உள்ளே ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. வந்த திருடனுக்குக்கூட எங்கள் ஜீப் ஏணியாகத்தான் தெரிந்திருக்கிறது. ஒரு ஸ்பேனரைக்கூட எடுக்க அவனுக்கு மனசு வரவில்லையே. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். எனக்கு அதிலும் எரிந்தது.

அரை நாள் கொத்தனார் வேலைதானே, சுவருக்கு மேலே இருக்கிற அந்த இடைவெளியை அடைத்துவிடுங்கள் என்றேன். மலையிலிருந்து இறங்கி வந்த அண்ணனும் இவரும் ஒரே வாயாக முடியாது என்றார்கள். அப்பா சொன்னதை மீறுவதா என்று ஆளுக்கொரு தடவை கேட்டார்கள். அப்படியானால் எப்படியோ போங்கள் என்று விட்டுவிட்டேன்.

மழை வெறித்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே ஷட்டர்காரர் எங்கள் வாசலில் வந்து நின்றார். தகரக் கதவு கழன்றது. அதே இரும்பு ஷட்டர், அதே மூன்று பூட்டு. என் வீட்டுக்காரர் உச்சி வெயிலில், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, எங்கள் வாசலில் சிமெண்ட் குழைத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கறி எடுத்துக் குழம்பு வைத்தேன். எதிர்வீட்டுக்காரியை வலியக் கூப்பிட்டுக் காட்டினேன். மதினி ஜன்னல் வழியாகப் பார்க்கிறாளா என்று இரண்டு மூன்று தடவை எட்டிப் பார்த்தேன், பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

வேலை முடிந்து ஷட்டரை இறக்கிப் பூட்டினார். நான் மோர்ச் சொம்போடு பக்கத்தில் போனேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நிறைந்த மனசோடு சிரித்தார்.

"இனிமே மதினி சரக்கை எவனும் தொட முடியாது."

நீட்டிய சொம்பைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன்.

"அப்ப இது நமக்காகப் போடலையா?"

அவருக்கு நான் கேட்டதே விளங்கவில்லை. கள்ளமில்லாமல்தான் சொன்னார்.

"நமக்கு எதுக்கு ஷட்டரு? அதான் காவலுக்கு நீ வீட்லயே கெடக்கயே."

மோரை ஷட்டர்காரர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனேன்.